ஆரணி நண்பருக்கு: பொதுக் கருவிகள், வாகைப் பலகை, பேத்தியின் மேசை

காட்பாடி

அன்புள்ள நண்பருக்கு,

வணக்கம். காற்றில் சாய்ந்த வாகை மரத்தை விறகுக்குப் போகவிடாமல் பலகையாக அறுத்து வைத்திருப்பதாகவும், அதில் பேத்திக்கு ஒரு படிப்பு மேசை செய்ய ஆசைப்படுவதாகவும் எழுதியிருந்தீர்கள். ஆரணியில் மர வேலையில் ஈடுபாடுள்ள நாலைந்து பேரைச் சேர்த்து, இங்கே நாங்கள் வைத்திருப்பதைப் போலக் கருவிகளைப் பொதுவில் வைத்துக்கொள்ள முடியுமா என்றும் கேட்டிருந்தீர்கள். கட்டாயம் முடியும். ஆனால் எதைப் பொதுவில் வைப்பது, எதை அவரவர் கையில் விடுவது என்பதைத் தொடக்கத்திலேயே பிரித்துக்கொண்டால்தான் அந்த ஏற்பாடு நிலைக்கும் என்பது என் உறுதியான எண்ணம்.

இங்கே வேலூர் சத்துவாச்சாரியில் ஒரு நண்பர் வீட்டு மாடிக் கொட்டகையில் எங்கள் பொதுக் கருவிகள் இருக்கின்றன. ஒட்டும் பலகைகளை இறுக்கிப் பிடிக்கும் நீளமான கிளாம்புகள், மேசைத் துளையிடும் இயந்திரம், மின் ரம்பம், பெரிய மூலைமட்டம் ஆகியவை எல்லோருக்கும் உரியவை. விலை அதிகமான, ஆண்டுக்குச் சில முறை மட்டுமே தேவைப்படும் பொருள்களை ஒவ்வொருவரும் தனித்தனியாக வாங்குவது வீண். எடுத்தவர் பெயரும் திருப்பிய நாளும் ஒரு நோட்டில் எழுதப்படுகின்றன. அதற்குமேல் விதி எதுவும் வைத்துக்கொள்ளவில்லை.

உளியும் இழைப்புளியும் வேறு வகை. அவற்றை இரவல் கொடுப்பதில் நான் மிகுந்த கவனம் காட்டுகிறேன். ஒருவர் தம் உளியை 25 பாகைச் சாய்வில் தீட்டி, நுனியில் மட்டும் 30 பாகைக்கு ஏற்றிப் பழகியிருப்பார். கருவேலமும் புளியும் போன்ற கடின மரத்தில் வேலை செய்பவர் இன்னும் சற்று மழுங்கலான சாய்வை விரும்புவார். கை மாறும்போது அந்தச் சாய்வும் மாறிவிடுகிறது. பிறகு அதைப் பழைய நிலைக்குக் கொண்டுவர எஃகைத்தான் தேய்த்து இழக்க வேண்டியிருக்கிறது. எங்களிடம் வந்து போன ஒருவர் நல்ல பட்டை உளியை வாங்கிச் சென்று, பெயின்ட் டப்பாவின் மூடியைத் திறக்கப் பயன்படுத்தி, நுனி உடைந்த நிலையில் திருப்பினார். அந்த உளியைவிட, தீட்டத் தெரியாததால் கூரின் அருமை புரியாமல்தான் அப்படிச் செய்தார் என்பதே எனக்கு வருத்தமாக இருந்தது. அதன் பிறகு, உளி கேட்டு வருபவருக்கு முதலில் தீட்டக் கற்றுக்கொடுப்பது என்று முடிவு செய்தோம்.

தீட்டுவதற்குப் பெரிய செலவு தேவையில்லை. தடித்த கண்ணாடித் துண்டின் மேல் 400, 1000, 2000 எண் வாட்டர் பேப்பரை வரிசையாக ஒட்டிக்கொண்டால் போதும். முதலில் உளியின் தட்டையான பின்பக்கத்தை நுனியிலிருந்து ஓரங்குலத்துக்காவது பளபளப்பாக்க வேண்டும். பின்பக்கம் சமமாக இல்லாத உளிக்கு எவ்வளவு தீட்டினாலும் கூர் வராது. பிறகு சாய்வுப் பக்கத்தை, மறுபுறம் மெல்லிய பிசிறு விரலுக்குத் தட்டுப்படும் வரை தேய்த்து, அந்தப் பிசிறை நீக்க வேண்டும். கடைசி மெருகுக்கு நம் பகுதிக்காரர்களுக்கு ஒரு வசதி உண்டு: ராணிப்பேட்டை, ஆம்பூர், வாணியம்பாடிப் பக்கம் தோல் துண்டு எளிதில் கிடைக்கும். குரோம் முறையில் பதனிட்ட மென்மையான தோலைவிட, பட்டையும் கடுக்காயும் போட்டுப் பதனிட்ட விறைப்பான தோலே இதற்குப் பொருத்தம், ஏனென்றால் அது உளியின் கீழே அமுங்கி நுனியை உருட்டிவிடாது. அதை ஒரு பலகையில் ஒட்டிப் பச்சை நிற மெருகுக் கட்டியைத் தேய்த்து, உளியைப் பின்னோக்கி மட்டும் இழுங்கள். முன்னோக்கித் தள்ளினால் தோல்தான் வெட்டுப்படும்.

கிளாம்பு வாங்கும் வரை காத்திருக்காதீர்கள். தடித்த பலகையின் இரு முனைகளிலும் கட்டைகளைத் திருகி, ஒட்ட வேண்டிய பலகைகளை நடுவில் வைத்து, மிஞ்சிய இடைவெளியில் இரண்டு ஆப்புகளை எதிரெதிராகச் செருகித் தட்டினால், இரும்புக் கிளாம்புக்குக் குறையாத பிடிப்பு கிடைக்கும். தட்டுவதற்கான கொட்டாப்புளியைப் புளியமரத்தின் வைரத்தில் செய்துகொள்ளுங்கள். கறிக்கடையில் வெட்டுக்கட்டையாகவே தாங்கும் மரம் அது.

இனி உங்கள் வாகைக்கு வருகிறேன். வைரப் பகுதி கரும்பழுப்பாக, மிக அழகாக இருக்கும். ஆனால் வெளிப்புற வெள்ளைப் பகுதியில் வண்டு துளைக்கும் என்பதால் அதை அறுத்துத் தள்ளிவிடுங்கள். அதன் தூள் கடுமையாகத் தும்மலை வரவழைக்கும், ஆகவே முகக்கவசம் இல்லாமல் அறுக்கவோ இழைக்கவோ வேண்டாம். எல்லாவற்றையும்விட முக்கியம், ஓரங்குலப் பலகை நிழலில் உலர ஏறத்தாழ ஓராண்டு ஆகும். தரையிலிருந்து உயர்த்தி, இடையிடையே ஒரே கனமுள்ள குச்சிக் கட்டைகள் வைத்து அடுக்கி, ஈரம் விரைந்து வெளியேறி வெடிப்பு விழாமலிருக்க வெட்டு முனைகளில் பெயின்ட் பூசிவிடுங்கள்.

அதற்குள் பேத்தி அடுத்த வகுப்புக்குப் போய்விடுவாள். எனவே முதல் மேசையை, வீடு இடித்த பழைய தேக்கில் செய்யுங்கள் என்பது என் யோசனை. பல பத்தாண்டுகள் உத்தரமாகவும் நிலையாகவும் இருந்து உலர்ந்த மரம் அது. ஆணி ஒளிந்திருக்கிறதா என்று காந்தத்தால் பார்த்துவிட்டு இழையுங்கள், இல்லையேல் ரம்பமும் இழைப்புளியும் பாழாகும்.

உலர்ந்த தேக்கும் அசையாமல் இருப்பதில்லை. நம் பகுதியின் கத்திரி வெயிலில் மரத்தின் ஈரம் 7 சதவீதம் அளவுக்கு இறங்கி, ஐப்பசி மழையில் 15 வரை ஏறக்கூடும். ஓரடி அகலமுள்ள, பூச்சில்லாத தேக்குப் பலகை அந்த இரண்டு பருவங்களுக்கிடையில் ஏறக்குறைய 4 மில்லிமீட்டர் அகலம் மாறும். நீளத்தில் மாற்றம் தெரியவே தெரியாது. அதனால் மேற்பலகையைச் சட்டத்தோடு ஃபெவிகால் போட்டு ஒட்டிவிடாதீர்கள். குறுக்குக் கட்டையில் நீள்துளை இட்டு, அதன் வழியாகத் திருகாணி போட்டால், பலகை விரியவும் சுருங்கவும் இடம் இருக்கும். நம் பழைய வீட்டுக் கதவுகளில் நடுப்பலகையை ஒட்டாமல் சட்டத்தின் காடியில் மட்டும் செருகி வைத்திருப்பதும் இதற்காகத்தான். கால்களையும் சட்டத்தையும் கழுந்தும் துளையுமாக, அதாவது ஒன்றின் முனையைச் செதுக்கி மற்றதன் துளையில் செருகி, இணையுங்கள். அங்கே ஒட்டுப் பசை தாராளமாகப் போடலாம்.

ஆரணி நண்பர்கள் கூடும் முதல் நாளிலேயே இந்த மேசையைத் தொடங்கினால், தீட்டுவதும் இணைப்பதும் எல்லோருக்கும் ஒன்றாகவே பழகும். என்னிடம் உபரியாக உள்ள 5ஆம் எண் இழைப்புளியை (ஜாக் பிளேன் என்பார்கள்) தீட்டி, தையல் இயந்திர எண்ணெய் தடவி, அடுத்த வாரம் ஆரணிக்கு வரும் என் மைத்துனரிடம் கொடுத்தனுப்புகிறேன். அது உங்கள் குழுவின் பொதுச் சொத்தாகவே இருக்கட்டும். பேத்தி நாற்காலியில் உட்காரும்போது தரையிலிருந்து முழங்கை வரை உள்ள உயரத்தை அளந்து எழுதுங்கள். அதற்கேற்பக் கால்களுக்கான மரத்தை இங்கே பழைய மரக்கடையில் பார்த்து வைக்கிறேன்.

வீட்டில் அனைவருக்கும் என் அன்பு.

தங்கள் அன்புள்ள,
காட்பாடி நண்பன்