சுமை ஏற்றுபவர்களுக்கும் ஒரு பக்கம் எழுதுங்கள்: ஹைபிரிட் கார் நிறுவனங்களுக்கு ஒரு திறந்த மடல்

ஹைபிரிட் கார் தயாரிக்கும் நிறுவனங்களுக்கும் அவற்றை விற்கும் ஷோரூம்களுக்கும் வணக்கம்.

நான் சின்ன அச்சகம் ஒன்றை நடத்துகிறேன். பில் புக், நோட்டீஸ், லேபிள் என்று அச்சடித்ததைப் பெட்டி கட்டி, வாடிக்கையாளர் வாசலில் இறக்குவது வரை எங்கள் வேலை. இரண்டு வருடத்துக்கு முன்னால் பழைய டீசல் வேனைக் கொடுத்துவிட்டு ஒரு ஹைபிரிட் கார், அதாவது இன்ஜினோடு மின் மோட்டாரும் அதற்கொரு பெரிய பேட்டரியும் உள்ள கார் வாங்கினோம். வாங்கியதில் எனக்குத் துளியும் வருத்தமில்லை. அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் இனி எழுதப்போவதைப் படித்தால் ஹைபிரிட்டே வேண்டாம் என்கிறேனோ என்று தோன்றலாம்.

எங்கள் ஓட்டம் முழுக்க நகரத்துக்குள்தான். நூறு அடி போனால் ஒரு சிக்னல், அடுத்த நூறு அடியில் ஒரு திருப்பம். பழைய வேனில் ஒவ்வொரு பிரேக்கிலும் எரிபொருள் வெறும் சூடாகிக் காற்றில் போய்க்கொண்டிருந்தது. இந்த வண்டியில் வேகம் குறையும்போது மோட்டாரே ஜெனரேட்டராக மாறி, அந்த ஆற்றலில் ஒரு பகுதியைப் பேட்டரிக்குத் திருப்பிவிடுகிறது. சிக்னலில் இன்ஜின் நின்றுவிடுகிறது. நின்று நின்று போகிற எங்களைப் போன்றவர்களுக்கென்றே செய்த மாதிரி இருக்கிறது. நாள் முழுக்க நெடுஞ்சாலையில் ஒரே வேகத்தில் போகிறவருக்கு இவ்வளவு லாபம் கிடைக்காது; அதை ஷோரூமில் வெளிப்படையாகச் சொன்னால் நல்லது.

இப்போது என் குறைக்கு வருகிறேன். வண்டி வாங்கிப் பதினான்கு மாதம் இருக்கும். பின் சீட்டுப் பக்கமிருந்து ஃபேன் இரைகிற சத்தம் கேட்க ஆரம்பித்தது. மைலேஜும் இறங்கியது. சரி, சரக்கு கூடிவிட்டது என்று நினைத்துக்கொண்டோம். ஒருநாள் நடுரோட்டில் எச்சரிக்கை விளக்கு எரிந்தது. சர்வீஸில் பின் சீட்டின் ஓரத்தில் இருந்த ஒரு சின்ன கிராதியைக் கழற்றினார்கள். உள்ளே இருந்த ஃபில்டர், வெள்ளைக் கம்பளித் துண்டு மாதிரி இருந்தது. அவ்வளவும் காகிதத் தூசி. கட்டிங் மெஷினிலிருந்து நேராக வரும் கட்டுகளில் ஒட்டியிருக்கிற தூசிதான்.

பேட்டரியைக் குளிர வைக்கிற காற்று, பல ஹைபிரிட் கார்களில், ஆட்கள் உட்காரும் இடத்திலிருந்தே உறிஞ்சப்படுகிறது. அந்தத் துவாரம் பின் சீட்டின் அடியிலோ பக்கத்திலோ இருக்கும். நாங்கள் பதினான்கு மாதமும் சீட்டை மடக்கி, அதன் மேலேயே அட்டைப்பெட்டிகளை அடுக்கியிருந்தோம். காற்றுப் போகாமல் பேட்டரி சூடானால், தன்னைக் காத்துக்கொள்ள அது மோட்டாருக்குக் கொடுக்கும் மின்சாரத்தைக் குறைத்துவிடுகிறது. மிச்ச வேலையெல்லாம் இன்ஜின் தலையில். மைலேஜ் இறங்கியது அதனால்தான். "சார், இங்கே பெட்டி வைக்கவே கூடாது, புக்கில் போட்டிருக்கே" என்றார் மெக்கானிக். எடுத்துப் பார்த்தேன். போட்டிருந்தது, தடித்த புத்தகத்தின் நடுவில் நாலு வரி. வண்டி வாங்கும்போது நான் அச்சகக்காரன், சரக்கு ஏற்றத்தான் வாங்குகிறேன் என்று வாய்விட்டுச் சொல்லியிருந்தேன். ப்ளூடூத்தில் போனை இணைப்பது எப்படி என்று அரை மணி நேரம் சொல்லிக் கொடுத்தவர்கள், இந்த நாலு வரியைச் சொல்லவில்லை. நல்ல வேளை, பேட்டரி பிழைத்தது. பிழைக்காமல் போயிருந்தால் இரண்டு ஆட்களுக்கு எத்தனை மாதச் சம்பளம் கொடுக்க முடியாமல் போயிருக்கும் என்று அன்று இரவு கணக்குப் போட்டுக்கொண்டிருந்தேன்.

எடை விஷயமும் இப்படித்தான். 80 ஜிஎஸ்எம் (சதுர மீட்டருக்கு 80 கிராம்) ஏ4 காகிதம் 500 தாள் கொண்ட ஒரு ரீம் ஏறக்குறைய இரண்டரை கிலோ. ஐந்து ரீம் பெட்டி பன்னிரண்டரை கிலோ. இருபது பெட்டி ஏற்றினால் 250 கிலோ, அப்புறம் டிரைவர், கூட ஒரு ஆள். காருக்குள் இடம் தாராளமாக இருக்கிறது, ஆனால் கார் தாங்கும் எடை அந்த இடத்தைப் பார்த்துத் தீர்மானமாவதில்லை. உங்கள் விளம்பரத்தில் டிக்கியின் கொள்ளளவை லிட்டரில் போடுகிறீர்கள். ஆட்களையும் சேர்த்து எத்தனை கிலோ ஏற்றலாம் என்பதை அதே அளவு எழுத்தில் பக்கத்திலேயே போடுங்கள்.

மைலேஜ் எண்ணைப் பற்றியும் சொல்ல வேண்டும். அமெரிக்காவின் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை 2008 மாடல்களிலிருந்து கணக்கிடும் முறையை மாற்றியபோது, டொயோட்டாவின் ஹைபிரிட் காரான பிரியஸின் நகர மைலேஜ் காலனுக்கு 60 மைல் என்பதிலிருந்து 48 ஆக இறங்கியது. வண்டி மாறவில்லை. குளிர், ஏசி, வேகமாக முடுக்குவது என்று மனிதர்கள் உண்மையில் ஓட்டுகிற விதத்தைக் கணக்கில் சேர்த்ததும் எண் மாறியது. எங்கள் ஓட்டத்துக்கு இன்னொரு தொல்லையும் உண்டு. இன்ஜின் ஆறிப்போயிருந்தால், புகையைச் சுத்தம் செய்யும் கேட்டலிடிக் கன்வர்ட்டரைச் சூடாக்க அது கொஞ்ச நேரம் ஓடியே ஆக வேண்டும். ஒரு கிலோமீட்டர் போய் ஒரு மணி நேரம் நிறுத்தி, மறுபடி ஒரு கிலோமீட்டர் என்று ஓட்டினால் ஹைபிரிட்டின் லாபத்தில் நல்ல பங்கு அதிலேயே போய்விடும். இது புரிந்த பிறகு டெலிவரியெல்லாம் காலையில் ஒரே சுற்றாக முடிக்கிறோம். டேங்க் நிரப்பும் இடைவெளியே கூடிவிட்டது. இதை யாராவது முதல் நாளே சொல்லியிருக்கலாமே என்று ஆதங்கமாக இருக்கிறது.

முடிந்தால் 'லிட்டருக்கு இத்தனை கிலோமீட்டர்' என்பதோடு '1000 கிலோமீட்டருக்கு இத்தனை லிட்டர்' என்றும் எழுதுங்கள். லிட்டருக்கு 20 கொடுத்த வண்டியை விட்டு 25 கொடுப்பதற்கு மாறினால் 1000 கிலோமீட்டரில் மிச்சம் 10 லிட்டர். 10 கொடுத்ததை விட்டு 12 கொடுப்பதற்கு மாறினாலே ஏறக்குறைய 17 லிட்டர் மிச்சம். பழைய, அதிகம் குடிக்கிற வண்டியை வைத்துத் தொழில் செய்கிறவருக்கு இந்தக் கணக்குதான் முடிவெடுக்க உதவும்.

அதே போல, இன்ஜினுக்குக் கொஞ்சம் கைகொடுக்கும் சின்ன மோட்டார் உள்ள மைல்டு ஹைபிரிட்டையும், மோட்டாரிலேயே நகரக்கூடிய முழு ஹைபிரிட்டையும் 'ஹைபிரிட்' என்ற ஒரே சொல்லில் விற்காதீர்கள். இரண்டின் மிச்சமும் ஒன்றல்ல. சின்ன 12 வோல்ட் பேட்டரி இறங்கினால், பெரிய பேட்டரியில் சார்ஜ் இருந்தாலும் பெரும்பாலும் வண்டி எழாது என்பதையும் சொல்லுங்கள்; சரக்கு ஏற்றுகிற நாங்கள் பின்கதவைத் திறந்து, விளக்கு எரியவிட்டே மணிக்கணக்கில் நிற்கிறோம். தொழிலுக்கு ஓட்டினால் பேட்டரி வாரண்டி எப்படி மாறும் என்பதைக் கையெழுத்துக்கு முன்னால் வாயால் சொல்லுங்கள்.

முதல் பிரியஸ் ஜப்பானில் விற்பனைக்கு வந்தது 1997 டிசம்பரில். 2019இல் டொயோட்டா தன்னிடமிருந்த ஏறக்குறைய 24,000 காப்புரிமைகளைக் கட்டணமில்லாமல் பயன்படுத்திக்கொள்ளலாம் என்று மற்ற நிறுவனங்களுக்குத் திறந்துவிட்டது. தொழில்நுட்பத்தையே உங்களுக்குள் பகிர்ந்துகொள்ள முடிகிறதென்றால், இவ்வளவு வருட அனுபவத்தை வைத்து எங்களுக்காக ஒரு பக்கம் எழுதுவது முடியாத காரியமில்லை. பெட்டி எங்கே வைக்கலாம், எங்கே வைக்கக் கூடாது, எத்தனை கிலோ, எத்தனை மாதத்துக்கு ஒருமுறை ஃபில்டர். சாவியோடு சேர்த்துக் கையில் கொடுங்கள்.

எங்கள் வண்டியில் அந்தக் கிராதியின் மேல் 'இங்கே பெட்டி வைக்காதே' என்று சிவப்பு எழுத்தில் ஒரு ஸ்டிக்கர் இருக்கிறது. நாங்களே அச்சடித்தது. வேலைக்குப் புதிதாக வரும் பையனுக்கும் ஒரு பார்வையில் புரிந்துவிடுகிறது. அடுத்த மாடலில் அதை நீங்களே ஒட்டி அனுப்புங்கள். வாசகம் வேண்டுமென்றால் எங்களுடையதையே எடுத்துக்கொள்ளலாம்.

இப்படிக்கு,
சிறு அச்சகம் ஒன்றின் உரிமையாளர்