உன் பெயர் இருக்கும் பக்கம்

அன்பு மகளுக்கு,

உன் கல்யாணத்துக்கு வேண்டிய ஞானஸ்நான சர்டிபிகேட் வாங்கிவிட்டேன். நாளைக்கு ஸ்பீட் போஸ்டில் போட்டுவிடுவேன். கையில் கிடைத்ததும் மேலே இருக்கும் முத்திரையைப் பார்த்துவிட்டு, ஏதோ தப்பாக எழுதிவிட்டார்கள் என்று நீ பதறுவாய். தப்பு ஒன்றும் இல்லை. 1997இல் உனக்கு ஞானஸ்நானம் கொடுத்தபோது நம் பங்குக் கோயில் கோட்டாறு ஆயரின் கீழ், கோட்டாறு மறைமாவட்டத்தில் இருந்தது. 2014 டிசம்பர் 22ஆம் தேதி குழித்துறை தனி மறைமாவட்டமாகப் பிரிந்தது, நாமும் அதோடு வந்தோம். ஆயரின் தலைமைக் கோயில் இப்போது நமக்குத் திரித்துவபுரம். மாப்பிள்ளையின் பங்கில் கேட்டால் இதைச் சொல்.

ஐந்து நிமிஷ வேலைதான் என்று நினைத்துக் கோயிலுக்குப் போனேன். பகல் முழுக்க அங்கேயே ஓடிவிட்டது. கோயில் வேலைகளைப் பார்க்கும் உபதேசியார் அலமாரியைத் திறந்து 1997ஆம் வருஷத்துப் புத்தகத்தை எடுத்து மேசைமேல் வைத்தார். சிவப்புக் காலிகோ அட்டை, முதுகு பிய்ந்து பிளாஸ்டர் ஒட்டியிருக்கிறது. விரலை ஒவ்வொரு வரியாக இறக்கிக்கொண்டே வந்து உன் பெயரில் நிறுத்தினார். பிறந்த தேதி, ஞானஸ்நானம் பெற்ற தேதி, என் பெயர், அம்மா பெயர், ஞானத்தாய் என்ற இடத்தில் உன் பெரியம்மா பெயர். பெரியம்மா கையெழுத்துப் போட்டபோது பேனா மை கொட்டியது, அந்த நீலப் பொட்டு இன்னும் அப்படியே இருக்கிறது. அவள் போய் ஆறு வருஷம் ஆகிறது மக்களே. அந்தப் பொட்டின்மேல் விரலை வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றேன். உபதேசியார் ஒன்றும் சொல்லவில்லை.

உன் வரிக்கு வலப்பக்கம் ஒரு குறிப்புக் கட்டம் இருக்கிறது. அதில் நீ உறுதிபூசுதல் என்னும் அருட்சாதனம் பெற்ற தேதி இருக்கிறது. அதற்குக் கீழே வெறுமை. நீ உலகத்தில் எந்தக் கோயிலில் கல்யாணம் செய்தாலும், அங்குள்ள சாமியார் ஒரு சீட்டு அனுப்ப வேண்டும், அதைப் பார்த்து இங்கே அந்தக் கட்டத்தில் எழுதுவார்கள். இத்தனை வருஷம் பங்குப்பேரவையில் இருந்தும் இதை நான் சரியாகக் கவனித்ததில்லை.

சரி, வந்ததே வந்தோம் என்று தாத்தாவின் பதிவையும் கேட்டேன். அவர் பிறந்தது 1927. அந்தப் புத்தகம் லத்தீனில் இருக்கிறது, தாளின் ஓரமெல்லாம் கரையான் தின்றுவிட்டது. அப்போது நாம் கொல்லம் மறைமாவட்டம். 1930இல்தான் கோட்டாறு தனியாகப் பிரிந்தது. தாத்தாவுக்குக் கொல்லம், எனக்கும் உனக்கும் கோட்டாறு, உன் பிள்ளைகள் இங்கே ஞானஸ்நானம் பெற்றால் குழித்துறை. இதற்கு நடுவில் 1956இல் திருவிதாங்கூர்-கொச்சியிலிருந்து சென்னை மாநிலத்துக்கும் வந்துவிட்டோம். ஞானஸ்நானத் தொட்டி மட்டும் அன்றிலிருந்து இன்றுவரை அதே கல்தொட்டிதான்.

மறைமாவட்டம் பிரிந்தபோது எனக்கு வருத்தமாகத்தான் இருந்தது. சின்னப் பிள்ளையில் உன்னைத் தோளில் வைத்துக்கொண்டு டிசம்பர் 3ஆம் தேதி கோட்டாறு சவேரியார் தேர் பார்க்கப் போவேனே, நினைவிருக்கிறதா? உப்பும் நல்லமிளகும் வாங்கி உன் கையில் கொடுத்தால், மிளகை எண்ணிக்கொண்டே இருப்பாய். இனி அது நம் கோயில் இல்லையோ என்று ஒரு எண்ணம். அப்புறம் புனிதர் தேவசகாயத்தை நினைத்ததும் அந்த வருத்தம் போய்விட்டது. அவர் பிறந்தது நட்டாலத்தில், அது இப்போது நம் குழித்துறை மறைமாவட்டம். 1752 ஜனவரி 14ஆம் தேதி ஆரல்வாய்மொழி காற்றாடிமலையில் அவரைச் சுட்டுக் கொன்றார்கள். கல்லறை கோட்டாறு சவேரியார் கோயிலில். அவர் 1745இல் ஞானஸ்நானம் பெற்ற வடக்கன்குளம் தூத்துக்குடி மறைமாவட்டம். அந்த ஒரு மனிதருக்கு மூன்று மறைமாவட்டங்களும் சொந்தம் கொண்டாடுகின்றன. 2022 மே 15இல் ரோமில் அவரைப் புனிதர் என்று அறிவித்தபோது இங்கே கோயில் மணி நிற்காமல் அடித்தது. டிவிக்கு முன்னால் உட்கார்ந்திருந்த அம்மா எழுந்து முழங்காலில் நின்றுவிட்டாள்.

வடக்கன்குளத்தைப் பற்றி எழுதக் காரணம் இருக்கிறது. மாப்பிள்ளை அந்தப் பக்கத்துக்காரர் என்று தெரிந்ததும், நம் அன்பியக் கூட்டத்தில் ஜெபமாலை முடிந்து சுக்குக்காப்பி குடிக்கும்போது ஒருவர் என்னிடம், "அவங்க எந்த ஆளுக?" என்று கேட்டார். நம்மோடு முப்பது குடும்பங்கள், இருபது வருஷமாக வாராவாரம் வீடு மாற்றி வீடு உட்கார்ந்து வேதம் வாசிக்கிறோம். அப்படியும் அந்தக் கேள்வி வந்தது. எனக்கு நெஞ்சு அடைத்துக்கொண்டது.

வடக்கன்குளத்துக் கோயிலை நீயே பார்ப்பாய். கால்சட்டையின் இரண்டு கால்கள் மாதிரி இரண்டு பக்கமாகப் பிரிந்து பீடத்தில் வந்து சேரும். ஒரு சாதிக்கு ஒரு பக்கம், மற்றவர்களுக்கு மறுபக்கம் என்று 19ஆம் நூற்றாண்டில் அப்படிக் கட்டினார்கள், நடுவில் தடுப்பும் வைத்தார்கள். 1910இல்தான் அந்தத் தடுப்பை இடித்தார்கள், அதற்கே கோர்ட்டு வரைக்கும் போனார்கள். தேவசகாயமோ அரண்மனை அதிகாரி, உயர்ந்த சாதி. வேதத்துக்கு வந்த பிறகு எல்லாரோடும் சமமாகப் பழகினார். அது பொறுக்காமல்தான் பலர் அவர்மேல் கோள் சொன்னார்கள். கையைக் கட்டி எருமைமேல் ஏற்றி ஊர் ஊராகக் கொண்டுபோனார்கள். இத்தனையும் கூட்டத்தில் அப்படிக் கேட்டவரிடம் சொன்னேன். சத்தம் போடவில்லை. "என் மகளுக்கு மாப்பிள்ளை வீட்டார் நம்ம வேதக்காரங்க, நல்ல மனுஷங்க, அது போதும்" என்றேன். அவர் தலையைக் குனிந்துகொண்டார். நேற்று அவரே வீட்டுக்கு வந்து, கல்யாணத்துக்கு வேன் வேண்டுமானால் தன் மகனுடையதை எடுத்துக்கொள்ளச் சொல்லிவிட்டுப் போனார்.

உறவில் வேறு யாராவது உன் காதுபடக் கேட்டால் நீ பதில் சொல்ல வேண்டாம், என்னிடம் அனுப்பு.

சர்டிபிகேட் ஆறு மாசத்துக்குத்தான் செல்லும், பத்திரமாக வை. முதல் ஓலை, அதுதான் கல்யாண அறிவிப்பு, வருகிற ஞாயிறு இரண்டாம் பூசையில் வாசிக்கிறார்கள், அதே ஞாயிறு அவர்கள் பங்கிலும் வாசிக்கச் சொல்லிவிட்டேன். உன் பெயரை வாசிக்கும்போது கேட்க வேண்டும் என்று அம்மா முன் பெஞ்சில் உட்காரப் போகிறாளாம். கல்யாணம் முடிந்ததும் அங்குள்ள சாமியாரிடம் சொல்லி அந்தச் சீட்டை மறக்காமல் அனுப்பச் செய். முடிந்தால் என் கையிலேயே கொடுக்கச் சொல். நானே கொண்டுபோய்க் கொடுத்து, அந்தக் கட்டத்தில் எழுதுகிறவரை பக்கத்தில் நிற்கிறேன்.

அன்புடன்,
அப்பா