பல்லுக்கு அவசரமில்லை, தங்கச்சி

அன்புள்ள தங்கச்சி,

நேற்று போனில் நீ அழுததில் பாதி புரியவில்லை, அதனால் எழுதிவிடுகிறேன். கிரகணத்தன்று வாசலில் நின்றதால்தான் பிள்ளைக்குப் பல் முளைக்கவில்லை என்று உன் மாமியார் சொல்கிறாராம். அப்படிப் பார்த்தால் என் அம்மா எத்தனை கிரகணம் பார்த்திருக்க வேண்டும்! எனக்கு மேலே இரண்டே பல், மல்லி மொட்டு மாதிரி கூராக. கீழே வெறும் ஈறு.

இது நம் ஆயா வழியில் வருவது. பாண்டி டாக்டர் சீட்டில் எழுதிய எக்டோடெர்மல் டிஸ்பிளேசியா இதுதான். எக்ஸ் குரோமோசோமில் இடிஏ என்ற ஜீனில் கோளாறு. பல், முடி, வியர்வைச் சுரப்பி எல்லாம் கருவில் ஒரே மேலடுக்கிலிருந்து உருவாவதால் சேர்ந்தே அடி வாங்குகின்றன. பெண்களுக்கு இன்னொரு எக்ஸ் இருப்பதால் பெரும்பாலும் லேசாகத்தான் தெரியும். உனக்கு முன்பல்லுக்குப் பக்கத்துப் பல் முளைக்கவே இல்லையே, அதைச் சொல்லிக் கிண்டல் செய்தவன் நான்தான், மன்னித்துக்கொள். உனக்குப் பிறக்கும் ஒவ்வொரு பையனுக்கும் பாதிக்குப் பாதி வாய்ப்பு, அவ்வளவுதான். டார்வினே 1875-இல் சிந்து பகுதிக் குடும்பம் ஒன்றில் 4 தலைமுறையில் 10 ஆண்களுக்கு இப்படி இருந்ததையும், கோடையில் அவர்கள் பட்ட பாட்டையும், மகள்கள் யாருக்கும் வராததையும் எழுதியிருக்கிறார். அந்த வீட்டு மாமியார்கள் என்ன சொன்னார்கள் என்று எழுதவில்லை.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். நீ பல்லையே பார்க்கிறாய், எனக்குப் பயம் வெயில்தான். உன் பையனுக்குச் சரியாக வியர்க்காது, கிருமி எதுவும் இல்லாமலே உடம்பு கொதிக்கும். ஆயாவின் மூத்த பிள்ளை ஒரு சித்திரையில் காய்ச்சல் கண்டு கைக்குழந்தையாகவே போனது இதனால்தானோ என்று இப்போது தோன்றுகிறது. பள்ளிக்கூட மைதானத்தில் நான் மயங்கி விழுந்தபோது, ஓடாமல் இருக்க நடிக்கிறான் என்றார் வாத்தியார். அப்புறம் அம்மா தினமும் நனைத்த பனியனை பிளாஸ்டிக் பையில் சுற்றி டிபன் பாக்ஸோடு கொடுத்தனுப்புவாள். இடைவேளையில் சட்டைக்குள் மாட்டிக்கொள்வேன், முதுகு சில்லென்று ஆகும், கடலூர் வெயிலில் அடுத்த பீரியட் முடிவதற்குள் காய்ந்துவிடும். உன் பையனின் வாத்தியாரிடம் டாக்டர் சீட்டை இப்போதே காட்டிவிடு.

பல்லுக்கு வழி இருக்கிறது. 3 வயதிலேயே கழற்றி மாட்டும் பல்செட் வைப்பார்கள், தாடை வளர வளர மாற்ற வேண்டும். இம்பிளாண்ட், அதாவது தாடை எலும்பில் பதிக்கும் பல், பொதுவாக வளர்ச்சி முடிந்த பிறகுதான், யாராவது அவசரப்படுத்தினால் பணத்தைக் கொடுத்துவிடாதே.

ஞாயிற்றுக்கிழமை வருகிறேன். பனியன் நாலு வாங்கி வருகிறேன், அவன் அளவைச் சொல்.

அண்ணன்,
முதுநகர்