டிரைவரை இறக்கியும் பாருங்கள்: சிப் நிறுவனங்களின் மென்பொருள் தலைமைக்கு ஒரு திறந்த மடல்

சிப் நிறுவனங்களில் லினக்ஸ் டிரைவர் குழுக்களை நடத்தும் பொறியாளர்களுக்கு,

வணக்கம். உங்கள் குழுக்கள் தரும் டிரைவர்களை, அதாவது வன்பொருளை லினக்ஸ் கர்னலோடு இணைக்கும் நிரல்களை, போர்டில் ஏற்றி, ஓடவைத்து, பழுது பார்ப்பது என் வேலை. அந்த இடத்திலிருந்து ஒன்று கேட்கிறேன். டிரைவர் கர்னலிலிருந்து ஒழுங்காக இறங்குகிறதா, அதாவது வாங்கியதையெல்லாம் திருப்பிக் கொடுத்துவிட்டுப் பிரிகிறதா என்று சோதித்த பிறகே அதை வெளியிடுங்கள்.

ரெஜிஸ்டர் முகவரிகள், இன்டரப்ட் (சாதனம் செயலிக்கு அனுப்பும் சைகை), கிளாக், ரெகுலேட்டர் (மின்சாரம் தருவது), டிஎம்ஏ பஃபர் என்று ப்ரோப் நேரத்தில், அதாவது டிரைவர் சாதனத்தோடு இணையும்போது, ஒவ்வொன்றாக வாங்குகிறோம். நடுவில் ஒரு படி தோற்றால், கடைசியாக வாங்கியதில் தொடங்கி எல்லாவற்றையும் திருப்பிக் கொடுக்க வேண்டும். யாரும் ஓட்டிப் பார்க்காத பாதை இது. அதனாலேயே பிழைகள் இங்கே குவிகின்றன. வட்டு டிரைவர்களில் இந்தத் தொல்லையைப் பார்த்துத்தான் தேஜுன் ஹியோ 2007இல் டெவ்ரெஸ் வசதியைக் கர்னலுக்குக் கொண்டுவந்தார். devm_ என்று தொடங்கும் டெவ்எம் வகை அழைப்புகளில் வாங்கியதை, டிரைவர் பிரியும்போது கர்னலே தலைகீழ் வரிசையில் விடுவித்துவிடும்.

“எங்கள் போர்டில் டிரைவரை யார் இறக்கப் போகிறார்கள்?” என்று அடிக்கடி கேட்கிறார்கள். இந்தப் பாதை ஓட டிரைவரை இறக்க வேண்டிய அவசியமே இல்லை. 2012 முதல் லினக்ஸில் ப்ரோப்பைத் தள்ளிப்போடும் வழி இருக்கிறது. ரெகுலேட்டரோ கிளாக்கோ இன்னும் தயாராகவில்லை என்றால் ப்ரோப் பாதியில் திரும்பிவிடும், அப்புறம் மறுபடி அழைக்கப்படும். அதாவது, தோல்விப் பாதை சாதாரண பூட்டிலேயே ஓடுகிறது. முதல் சுற்றில் பிடித்த முகவரிப் பகுதியை விடாமல் திரும்பிய டிரைவருக்கு, இரண்டாம் சுற்றில் ‘பகுதி பயன்பாட்டில் உள்ளது’ என்ற பிழைதான் கிடைக்கும். பிடித்து வைத்திருப்பது அதுவேதான்.

டெவ்எம் போட்டாயிற்று, இனிக் கவலையில்லை என்று இருப்பதும் தவறு. நான் அதிகம் பார்ப்பது பாதி டெவ்எம், பாதி கைவேலை. இன்டரப்டை டெவ்எம் வழியாக வாங்கியிருப்பார்கள். கிளாக்கை, டிரைவர் பிரியும்போது ஓடும் ரிமூவ் செயல்பாட்டில் கையால் அணைப்பார்கள். ரிமூவ் முழுதும் ஓடி முடிந்த பிறகுதான் டெவ்ரெஸ் விடுவிக்கத் தொடங்கும். ஆக, கிளாக் அணைந்தபின்னும் கொஞ்ச நேரம் இன்டரப்ட் உயிரோடு இருக்கிறது. அந்த இடைவெளியில் ஓர் இன்டரப்ட் வந்தால், அதைக் கவனிக்கும் ஹேண்ட்லர் கிளாக் இல்லாத ரெஜிஸ்டரைப் படிக்கும். பல ஆர்ம் சிப்களில் அதோடு பஸ் உறைந்துவிடும், ஒரு வரி லாக்கூட மிஞ்சாது. பல சாதனங்கள் பகிர்ந்த இன்டரப்ட் என்றால், நம் சாதனம் சும்மா இருந்தாலும் பக்கத்துச் சாதனம் போதும் அந்த ஹேண்ட்லரைக் கிளப்ப. கிளாக்கை அணைப்பதையும் டெவ்எம் செயலாகவே பதிந்துவிட்டால் வரிசை தானாகச் சரியாகும்.

இன்னொன்று, டெவ்எம் வழி வாங்கிய நினைவகம். பயனர் நிரல் சாதனக் கோப்பைத் திறந்து வைத்திருக்கும்போதே டிரைவர் பிரிந்தால் நினைவகம் போய்விடும், கோப்பு மட்டும் இருக்கும். அந்தக் கோப்பைப் படிக்கும் அடுத்த அழைப்பு விடுவிக்கப்பட்ட இடத்தைத் தொடும். கடைசிக் கோப்பு மூடப்படும் வரை வாழ வேண்டிய நினைவகத்துக்கு டெவ்எம் பொருந்தாது. அதற்கு மேற்கோள் எண்ணிக்கைதான், அதாவது இன்னும் எத்தனை பேர் பயன்படுத்துகிறார்கள் என்ற கணக்குதான் வேண்டும்.

இவற்றைப் பிடிக்கும் கருவிகள் கர்னலிலேயே இருக்கின்றன. சாதனம் வேலை செய்துகொண்டிருக்கும்போதே சிஸ்எஃப்எஸ் (கர்னலின் சாதனக் கோப்பகம்) வழியாக அன்பைண்ட், பைண்ட் என்று டிரைவரைப் பிரித்துப் பிரித்து இணைத்து விடாமல் சுழற்றுங்கள்; தவறான நினைவக அணுகலைப் பிடிக்கும் காசனையும் (KASAN) விடுவிக்காத நினைவகத்தைப் பிடிக்கும் கேமெம்லீக்கையும் (kmemleak) இயக்கி வையுங்கள். பகிர்ந்த இன்டரப்டுகளுக்கான டீபக் அமைப்பைப் போட்டால், ஹேண்ட்லரை நீக்கும் தறுவாயில் கர்னலே அதை ஒருமுறை அழைத்துப் பார்க்கும். மேலே சொன்ன கிளாக் பிழை அங்கேயே மாட்டிக்கொள்ளும். வேண்டுமென்றே பிழையைப் புகுத்தும் ஃபால்ட் இன்ஜெக்ஷனில் முதல் நினைவக ஒதுக்கீடு, இரண்டாவது, மூன்றாவது என்று வரிசையாகத் தோற்கவைத்து ப்ரோப்பின் ஒவ்வொரு படியையும் சோதிக்கலாம்.

உங்கள் பொறியாளர்களுக்கு இதெல்லாம் தெரியாமல் இல்லை. வெளியீட்டு அட்டவணையில் இதற்கு நேரம் ஒதுக்கப்படுவதில்லை. அந்த நேரத்தை ஒதுக்கும் அதிகாரம் உங்களிடம் இருக்கிறது. அடுத்த வெளியீட்டில் டிரைவரோடு அன்பைண்ட் சோதனையின் லாக்கையும் சேர்த்து அனுப்புங்கள்.

அன்புடன்,
ஒரு போர்டு பொறியாளர்