தாத்தாவுக்குத் துணை நின்றவர்களுக்கு

அன்புள்ள உறவினர்களே, நண்பர்களே, அக்கம்பக்கத்தாரே,

எங்கள் தாத்தா மறைந்த செய்தி கேட்டு நேரில் வந்தவர்களுக்கும், தொலைபேசியில் ஆறுதல் சொன்னவர்களுக்கும், வர முடியாமல் தூரத்திலிருந்து எழுதியவர்களுக்கும் குடும்பத்தின் சார்பில் நன்றி.

நன்றி மடல் பெரும்பாலும் இதோடு முடிந்துவிடும். ஆனால் தாத்தா நன்றியுரை சொல்ல எழுந்தால், ஒலிபெருக்கிக்காரர் வரை யார் என்ன செய்தார் என்று சொல்லிவிட்டுத்தான் உட்காருவார். அதற்குள் பாதிக் கூட்டம் கலைந்திருக்கும். அவர் அதைக் கண்டுகொண்டதே இல்லை. அவருடைய பேத்தி இரண்டு வரியில் முடித்தால் எப்படி? பெயர் போட வேண்டாம் என்று சிலர் கேட்டுக்கொண்டார்கள். சரி, செய்ததை மட்டும் சொல்கிறேன்.

பக்கவாதம் வந்து தாத்தா படுக்கையில் விழுந்தபோது எங்களுக்கு ஒன்றும் தெரியாது. வீட்டுக்கே வந்து எல்லாம் கற்றுக்கொடுத்தார் ஒரு செவிலியர். படுக்கைப்புண் வராமலிருக்க இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை திருப்பிப் படுக்க வைக்க வேண்டும். நிமிர்த்தி உட்கார வைத்துத்தான் ஊட்ட வேண்டும், இல்லாவிட்டால் புரையேறிவிடும். பகலில் சமாளித்தோம். இரவில் இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை எழுவது சொல்வதற்குத்தான் எளிது. தெருவில் இருக்கும் கல்லூரிப் பையன்கள் முறை வைத்துக்கொண்டு வந்தார்கள். போய்த் தூங்குங்கப்பா என்றால், "எங்களுக்கு அல்ஜீப்ரா புரிய வைக்க அவர் பட்ட பாட்டைவிடவா?" என்றார்கள். உண்மைதான். எங்கள் பாடப்புத்தகத்தை எங்களுக்கு ஒரு பாடம் முன்னாலேயே படித்து வைத்திருப்பார்.

ஓய்வு பெற்ற பிறகு அவருக்கு இரண்டே வேலைகள். ஒன்று, பேரப்பிள்ளைகள். இன்னொன்று, வாசலில் நாற்காலி போட்டு வந்தவர்களுக்கெல்லாம் ஓய்வூதிய விண்ணப்பம், வங்கிப் படிவம், தெருவிளக்கு எரியவில்லை என்ற மனு என்று எழுதிக் கொடுப்பது. "நகல் எடுத்து வைத்துக்கொண்டாயா?" என்று கேட்காமல் யாரையும் அனுப்பமாட்டார். எல்லா மனுவுக்கும் பதில் வந்தது என்று சொல்லமாட்டேன். வராவிட்டால் சலிக்காமல் நினைவூட்டுக் கடிதம் எழுதுவார்.

கண் தானம் செய்ய வேண்டும் என்று தாத்தா பலமுறை சொல்லியிருந்தார். அந்த நேரத்தில் எங்கள் யாருக்கும் கை கால் ஓடவில்லை. எதிர்வீட்டு அத்தைதான் நினைவுபடுத்தி, கண் வங்கிக்கு அவரே தொலைபேசியில் சொன்னார். உயிர் பிரிந்து 6 மணி நேரத்துக்குள் எடுத்துவிட வேண்டுமாம். அவர்கள் வரும்வரை மின்விசிறியை நிறுத்தி, இமைகளை மூடி, மேலே ஈரப்பஞ்சு வைத்து, தலையைச் சற்று உயர்த்தி வைத்ததும் அத்தைதான். கண்புரை அறுவை செய்த கண்ணாயிற்றே என்று பயந்தோம். புரை வருவது உள்ளே இருக்கும் லென்ஸில், நாங்கள் எடுப்பது முன்னால் கண்ணாடிபோல் இருக்கும் விழிவெண்படலம் (கார்னியா), அதனால் தடையில்லை என்று வந்தவர்கள் பொறுமையாக விளக்கினார்கள். முகத்தில் எந்த மாற்றமும் தெரியாதபடி சீக்கிரமே முடித்துக்கொடுத்தார்கள். யாருக்குப் பொருத்தினார்கள் என்று சொல்வதில்லை, நாங்களும் கேட்கவில்லை.

அன்றைக்கு முழுக்க எங்கள் தொலைபேசிகளை வாங்கி வைத்துக்கொண்டு எல்லாருக்கும் பதில் சொன்ன அண்ணனுக்கும், முதியவர்களைத் தன் வண்டியிலேயே அழைத்து வந்து திரும்பக் கொண்டுபோய் விட்ட தம்பிக்கும் நன்றி. பெரிய மருத்துவமனைக்குக் கொண்டுபோயிருக்கலாமே என்று ஓரிருவர் வருத்தப்பட்டார்கள். வீட்டிலேயே இருக்கிறேன் என்று கேட்டது தாத்தாதான். அதற்கு ஒத்துழைத்த மருத்துவருக்குத் தனியாக நன்றி.

யாரையாவது விட்டிருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். தாத்தாவின் சக்கர நாற்காலியும் காற்று மெத்தையும் நல்ல நிலையில் இருக்கின்றன. தேவைப்படுகிறவர்கள் தயங்காமல் வாங்கிக்கொள்ளலாம். அப்புறம், யாருடையவை என்று தெரியாத சில நாற்காலிகளும் ஒரு சிவப்பு பிளாஸ்க்கும் எங்கள் வீட்டில் இருக்கின்றன. உரியவர்கள் வந்து எடுத்துக்கொள்ளுங்கள்.

இப்படிக்கு,
மகன்கள், மகள், மருமக்கள், பேரப்பிள்ளைகள் சார்பில்
மூத்த பேத்தி