அருமை தெரியாதவர்கள் குழந்தைகள்தாமா?

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தங்கள் நாளிதழின் சுதந்திர தினச் சிறப்பிதழில், "இன்றைய பிள்ளைகளுக்கு ஆகஸ்ட் 15 மிட்டாய் கிடைக்கும் நாள், அவ்வளவுதான்; அதன் அருமை அவர்களுக்குத் தெரிவதில்லை" என்று கட்டுரையாளர் ஒருவர் மனம் நொந்து எழுதியிருந்தார். அவருடைய வருத்தத்தில் பங்குகொள்ள இயலாமைக்கு என்னைப் பொறுத்தருள வேண்டும். திருப்பூர் மாவட்டத்துத் தொடக்கப் பள்ளிகளில் ஆசிரியையாகவும் தலைமையாசிரியையாகவும் இருந்து ஓய்வு பெற்றவள் நான். அந்த நாளில் பெரியவர்களாகிய நாம் பிள்ளைகளை நடத்தும் விதத்தைக் கொடிக்கம்பத்தின் அடியிலேயே நின்று பார்த்தவள் என்ற உரிமையில் எழுதுகிறேன்.

காலை ஏழரை மணிக்கே துவைத்த சீருடையில் வந்து வரிசையில் நின்றுவிடும் குழந்தைகள், ஒன்பது மணிக்கு மேல் வரும் சிறப்பு விருந்தினருக்காக வெயிலில் காத்திருப்பார்கள். அவர் வந்ததும் அவருக்கு ஒரு பொன்னாடை, அவரை அழைத்து வந்தவருக்கு ஒன்று, அழைத்து வரும்படி யோசனை சொன்னவருக்கும் ஒன்று. மயங்கி விழுந்த ஒன்றாம் வகுப்புச் சிறுமியை நான் வேப்பமர நிழலுக்குத் தூக்கிச் சென்று முகத்தில் தண்ணீர் தெளித்துக்கொண்டிருந்தபோது, தியாகிகள் பட்ட துன்பங்களைப் பற்றி ஒலிபெருக்கி உருக்கமாக முழங்கிக்கொண்டிருந்ததை நான் இன்னும் மறக்கவில்லை. 52 வினாடி நாட்டுப்பண்ணுக்கு ஆடாமல் அசையாமல் நிற்கும் பிள்ளை, முக்கால் மணி நேரச் சொற்பொழிவில் நெளிந்தால், அதை நாட்டுப்பற்றுக் குறைவு என்று கணக்கில் எழுதிவிடுகிறோம்.

மாறுவேடப் போட்டியையும் சொல்ல வேண்டும். பனியன் கம்பெனியில் வாரக் கூலி வாங்கும் தாய், பாரதமாதா கிரீடத்துக்கும் சேலைக்கும் வாடகை கட்ட முடியாமல் அன்று பிள்ளையைப் பள்ளிக்கே அனுப்பாமல் இருந்துவிட்டதை நான் அறிவேன். அன்று கையில் கொடுக்கப்படும் நெகிழிக் கொடிகளோ, 2022 ஜூலை 1 முதல் நாடு முழுவதும் தடை செய்யப்பட்டவை. ஆனாலும் பேருந்து நிலையத்துக் கடைகளில் தாராளமாகக் கிடைக்கின்றன. மறுநாள் சாக்கடையோரம் கிடந்த அந்தக் கொடிகளைப் பொறுக்கி எடுத்தவர்கள் எங்கள் ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகள். அருமை தெரிந்த பெரியவர்கள் முதல் நாளே புகைப்படம் எடுத்துக்கொண்டு போய்விட்டிருந்தார்கள். சாதியைக் காட்டி ஊராட்சித் தலைவர்களைக் கொடியேற்ற விடுவதில்லை என்ற புகார்களால், 2022இல் தலைமைச் செயலாளரே மாவட்ட ஆட்சியர்களுக்குக் கடிதம் எழுத நேர்ந்த மாநிலத்தில் இருந்துகொண்டு, ஏழு வயதுக் குழந்தைகளின் அறியாமைக்காகக் கண்ணீர் வடிப்பதற்குத் தனித் துணிச்சல் வேண்டும்.

அருமை தெரியவில்லை என்றாரே, எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன். நான் தலைமையாசிரியை ஆன பிறகு, கொடிக்குள் பூவிதழ் வைத்து முடிச்சிடும் வேலையைப் பெரிய வகுப்புப் பிள்ளைகளிடமே ஒப்படைத்தேன். மாலையில் கொடியை இறக்கி, காவியும் பச்சையும் வெள்ளைக்கு அடியில் போகும்படி மடித்து, உள்ளங்கைகளில் ஏந்தி வந்து பெட்டியில் வைப்பதும் அவர்கள் பொறுப்புதான். மிட்டாய் தீர்ந்த பிறகும் அதற்காகவே மாலை வரை வீட்டுக்குப் போகாமல் காத்திருந்தவர்கள் உண்டு. விழாவுக்கு முந்தைய வாரம், திருப்பூரில் இருக்கும் குமரன் நினைவு மண்டபத்துக்கு அழைத்துச் செல்வேன். 1932 ஜனவரியில் தடையை மீறிக் கொடியேந்தி ஊர்வலம் போனபோது தடியடி பட்டு, மறுநாள் உயிர் நீத்த அந்த இளைஞருக்கு வயது 27 என்றதும், "எங்க மாமா வயசு டீச்சர்" என்றான் ஒருவன். இன்னொரு சிறுமி, "அடிச்ச போலீஸ்காரங்க வெள்ளைக்காரங்களா, நம்ம ஆளுங்களா?" என்று கேட்டாள். அன்றைய காவலர்களில் பெரும்பாலோர் நம் நாட்டவர்களே என்றேன். "அப்புறம் ஏன் அடிச்சாங்க?" என்றாள். சம்பளத்துக்காக, உத்தரவுக்காக என்று ஏதேதோ சொல்லிப் பார்த்தேன், அவள் ஏற்கவில்லை. பள்ளிக்குத் திரும்பும் வழியெல்லாம் பேருந்தில் பிள்ளைகள் அதைப் பற்றியே வாதாடிக்கொண்டு வந்தார்கள். என் பணிக்காலத்தில் நான் கேட்ட சுதந்திர தின உரைகளில் எதுவும் அந்தக் கேள்வியின் பக்கத்தில்கூட வந்ததில்லை.

இவ்வளவும் எழுதிய பின், தங்கள் இதழைப் பற்றிச் சொல்லாமல் விடுவது மரியாதையாகாது. பிள்ளைகளின் அறியாமைக்கு வருந்திய அதே சிறப்பிதழின் சிறுவர் பக்கத்தில், தடியடிக்கு நடுவே கொடியை விடாமல் பிடித்திருக்கும் குமரனை வண்ணத்தில் வரைந்திருந்தீர்கள். அந்தக் கொடியின் நடுவில் இருப்பது 24 ஆரங்கள் கொண்ட அசோகச் சக்கரம். அரசியல் நிர்ணய சபை அந்தச் சக்கரத்துடன் கொடியை ஏற்றது 1947 ஜூலை 22ஆம் நாள். அதற்குப் பதினைந்து ஆண்டுகளுக்கு முன்பே மாண்டுபோன குமரன் ஏந்தியது ராட்டை பொறித்த காங்கிரஸ் கொடி என்பதைத் தங்களைப் போன்ற அறிஞருக்கு நான் எடுத்துச் சொல்வது அதிகப்பிரசங்கித்தனம் என்று அறிவேன். சென்ற ஆண்டும் இதே படம் வந்தது, அப்போதும் எழுதினேன். கடிதம் தங்கள் பார்வைக்கு வந்திருக்காது என்றே நம்ப விரும்புகிறேன்.

பிள்ளைகள் அந்தப் படத்தைக் கத்தரித்து நோட்டில் ஒட்டிக்கொள்கிறார்கள், ஆசிரியர்கள் வகுப்புப் பலகையில் ஒட்டுகிறார்கள். ஆகவே, அடுத்த ஞாயிறு சிறுவர் பக்கத்தில் சக்கரத்தை நீக்கி ராட்டையுடன் படத்தைத் திருத்தி வெளியிட வேண்டுகிறேன். இடம் மிச்சமிருந்தால் கொடியை மடிக்கும் முறையையும் நான்கு சிறு படங்களாகப் போடலாம். இடம் போதாது என்றால், அந்தக் கட்டுரையாளருக்கு ஒதுக்கும் பத்தியை அந்த ஒரு வாரம் மட்டும் கடன் வாங்கிக்கொள்ளுங்கள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற தலைமையாசிரியை ஒருவர்,
திருப்பூர் மாவட்டம்.