யானை கதைதான் இப்ப எனக்கு சோறு போடுது

எலேய் மாப்ள,

உன் கடிதாசி வந்து பதினஞ்சு நாளாச்சு, பதில் போடலன்னு ஏசாத, தூத்துக்குடி ஹார்பர்ல வரிசையா நிலக்கரிக் கப்பலா வந்து நிக்கி, ராத்திரி பகல் பாக்காம கூப்புடுதானுவ. உம் மவ காலேஜ் சேந்தது ரொம்ப சந்தோசம்ல. முட்டிவலிக்கு எண்ணெய் தேச்சுக்கிட்டே இருக்காம ஒழுங்கா டாக்டர போய் பாரு.

"அம்பதாயிரம் டன் கரிய எந்த தராசுலல நிறுக்க"ன்னு கேட்டிருந்தல்லா, படிச்சிட்டு ஒரே சிரிப்பு. தராசே கிடையாதுல, கப்பல்தான் தராசு. சின்ன வயசுல சார் ஒரு கதை சொன்னாரே, யானைய படகுல ஏத்தி தண்ணி எதுவரைக்கும் நிக்குன்னு கோடு கிழிச்சு, யானைய இறக்கிட்டு அதே கோடு வர்ற வரைக்கும் கல்ல அடுக்கி, அந்தக் கல்ல நிறுத்து யானை எடைய கண்டுபிடிச்ச கதை, நெனப்பிருக்கா? என் வேலை அப்பிடியே அதுதான். மிதக்குறது எதுவா இருந்தாலும் தன் எடை எவ்வளவோ அவ்வளவு எடை தண்ணிய ஒதுக்கும், அம்புட்டுதான் விஷயம்.

கப்பலுக்கு முன்னால, நடுவுல, பின்னால, ரெண்டு பக்கமுமா ஆறு எடத்துல, கப்பல் தண்ணிக்குள்ள எவ்வளவு அமுங்கிருக்குன்னு காட்ட நம்பர் எழுதிருக்கும், ஒவ்வொரு நம்பரும் 10 சென்டிமீட்டர் உயரம், நடுவுல 10 சென்டிமீட்டர் இடைவெளி. கரி இறக்குறதுக்கு முன்ன ஒரு தடவ, இறக்கின பொறவு ஒரு தடவ வாசிக்கணும், ரெண்டுக்கும் உள்ள வித்தியாசத்துலருந்துதான் கரியோட எடை வரும். கரைப்பக்கம் லேசு, கடல்பக்கம் சின்ன போட்ல போவணும், இல்லன்னா நூலேணில தொங்கணும், அலை மேல கீழன்னு ஆட்டம் காட்டும், கொஞ்ச நேரம் பாத்து நடுவாந்தரமா ஒரு நம்பர் சொல்லணும், அதுக்கு கப்பல் ஆபீசர் ஒத்துக்கிடணும். இந்த சைஸ் கப்பல்ல ஒரு சென்டிமீட்டர் மாத்தி வாசிச்சா கிட்டத்தட்ட 60 டன் போச்சு, மூணு டாரஸ் லாரி லோடு!

கரி இறங்க இறங்க கப்பல் லேசாயிரும்லா, அதனால அடி டேங்க்ல கடல்தண்ணிய ரொப்புவானுவ. அத ஒவ்வொரு டேங்கா டேப் விட்டு அளந்து கழிக்கணும். ஒருக்க ஒரு டேங்க விட்டுட்டோம், 300 டன் கணக்கு ஒதைக்கி, விடியக்காலம் மூணு மணி வரைக்கும் தேடுனோம், சாப்பாடும் இல்ல.

தண்ணியோட கனத்தையும் பாக்கணும் மாப்ள. வாளில மோந்து கண்ணாடி மீட்டர மிதக்கவிடுவோம், நம்ம உப்பளத்துல டிகிரி பாப்பாவல்லா, அதே ஜாதி. ஒரு கன மீட்டர் கடல்தண்ணி 1.025 டன், ஆத்துத்தண்ணி 1 டன். மொத்த எடை 60,000 டன்னு இருக்க கப்பல் கடல்லருந்து நல்ல தண்ணிக்குள்ள போனா, ஒரு கிலோ கூட ஏத்தாமலே சுமார் 25 சென்டிமீட்டர் அமுங்கிரும். கல்கத்தாவுக்கு ஹூக்ளி ஆத்துக்குள்ள போற கப்பலுக்கெல்லாம் இந்தக் கணக்கு போடாம முடியாது, தரை தட்டிரும்.

இதெல்லாம் எழுதுறப்ப நம்ம ஊர் குளம்தான் ஞாபகம் வருது. முதுகுல சுரைப்புரடைய கட்டிக்கிட்டு நீச்சல் படிச்சதும், வாழைத்தண்டு தெப்பத்துல கல்ல ஏத்திக்கிட்டு போனதும். நீ அந்தக் கல்ல குளத்துல தள்ளிவிட்டா தண்ணி ஏறும்னு சாதிச்ச, நான் இறங்கும்னேன், கோலிசோடா பந்தயம், அவ்வளவு பெரிய குளத்துல எவன் அளந்து பாக்க.

போன ஞாயித்துக்கிழமை அளந்துட்டேன்ல. பெரிய வாளில தண்ணி, அதுல அலுமினியச் சட்டி, சட்டிக்குள்ள ஆட்டுக்கல் குழவி. தண்ணி நின்ன எடத்துல பேனாவால கோடு. பொறவு குழவிய எடுத்து தண்ணிக்குள்ளயே போட்டேன், தண்ணி கோட்டுக்கு கீழ இறங்கிட்டு! நம்ம தெப்பத்துக் கல்லு 27 கிலோன்னு வச்சிக்க. தெப்பத்துல இருக்கப்ப அது 27 லிட்டர் தண்ணிய ஒதுக்கும், ஏன்னா அதோட பாரத்த தண்ணிதான் தாங்குது. முங்கிட்டுன்னா தன் பருமன் அளவுக்கு மட்டும்தான் ஒதுக்கும், கருங்கல்லுக்கு அது 10 லிட்டர்தான். மிச்சம் 17 லிட்டர் இறங்கித்தான ஆவணும். வீட்டுக்காரி "குழவிய எடுத்து என்ன வெளையாட்டு"ன்னு ஏசுனது தனிக்கதை.

பொங்கலுக்கு ஊருக்கு வருவேல்லா? சோடாவோட வா. வட்டிக்கு மக்ரூன் நான் வாங்கிட்டு வாரேன், அதுவும் நீதான் திங்கப்போற.

உன் பழைய பங்காளி